குமாரும் செல்வியும்: சேர்த்துச் சொன்ன பெயர்களைக் கணினிக்குக் கொடுப்பது எப்படி?

"குமாருக்கும் செல்விக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது." செய்தியில் இப்படி ஒரு வரி வருகிறது. இதைப் படித்து, யாருக்கு எவ்வளவு என்று அட்டவணை போடும் நிரலை எழுதப் போகிறீர்கள். குமாரின் பெயருக்கு எதிரே எந்த எண் வர வேண்டும்? புதிதாக எழுதுகிறவர்களின் நிரல் பெரும்பாலும் குமார் 10,000, செல்வி 10,000 என்று இரண்டு வரிசைகளை நிரப்பிவிடும். கூட்டினால் 20,000. செய்தியில் அந்த எண் எங்குமே இல்லை. சரி, பாதியாகப் பிரித்து 5,000 என்று போடலாமா? அதுவும் செய்தியில் இல்லை.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது ஒன்றுதான்: இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தால் உடனே அவற்றை ஆளுக்கொரு வரியாக உடைக்காதீர்கள். குழுவை ஒரு தனிப் பொருளாக முதலில் பதிவு செய்யுங்கள். உடைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம். பள்ளி இலக்கணமும் கொஞ்சம் பைதானும் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

முதல் படி: ‘உம்’மைப் பிரித்தெடுப்பது

தமிழில் பெயர்களைச் சேர்க்கும் முதன்மையான கருவி ‘உம்’. அது தனிச்சொல்லாக நிற்காது, முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘குமாரும்’ என்ற சொல்லில் ‘உம்’ என்ற எழுத்து வடிவத்தைத் தேடினால் கிடைக்காது. ர-வின் மேல் ஏறிய உகரக் குறியும் ம்-மும்தான் இருக்கும். ‘செல்வியும்’ என்பதில் இடையே யகரம், ‘சீதாவும்’ என்பதில் வகரம். ‘காடும்’ என்பதில் இரண்டு உகரங்களில் ஒன்று போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ‘காட்’ என்று மிஞ்சும்.

சொல்லின் கடைசியில் உகரக் குறியும் ம்-மும் இருந்தால் வெட்டு என்று விதி எழுதினால் என்ன ஆகும்? வேண்டும், மீண்டும், மட்டும், மேலும், வரும், போகும், பெரும், கடும் எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் ஒரு விலக்குப் பட்டியல் தயார் செய்யுங்கள். வரும், போகும் போன்ற வினைகளுக்குப் பட்டியல் போதாது. சொல்லின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் பகுப்பான் வேண்டும். தமிழிமார்ஃப் என்ற திறந்தமூலப் பகுப்பான் இருக்கிறது, அதில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சந்தி விதிகளிலேயே ஆறு மாதம் போய்விடும்.

இரண்டாம் படி: இது எந்த ‘உம்’?

நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நமக்கு வேண்டியது எண்ணும்மை ஒன்றுதான். ஆனால் நிரலுக்கு எட்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"குமாரும் வந்தான்" என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள், இது எச்சவும்மை. "மூன்று பேரும் வந்தார்கள்" என்பது முற்றும்மை. இங்கே குழு ஏற்கெனவே இருக்கிறது, ‘உம்’ அதில் யாரும் மிச்சமில்லை என்று மட்டும் சொல்கிறது. தொடக்கத்துக்கு ஒரு எளிய விதி: ஒரே வேற்றுமையில் நிற்கும் இரண்டு பெயர்கள், இரண்டிலும் ‘உம்’, இடையே முற்றுவினை எதுவும் இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் எண்ணும்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "குமாரையும் செல்வியையும்", "குமாரிடமும் செல்வியிடமும்" போன்றவை இதில் சிக்கிவிடும்.

இந்த விதியை ஏமாற்றும் ஒரு அமைப்பு உண்டு. செய்தித் தமிழில் தினமும் வருவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். "நடிகரும் தயாரிப்பாளருமான அவர் பேசினார்." இரண்டு பெயர், இரண்டு ‘உம்’, ஆனால் ஆள் ஒருவர்தான். "முன்னாள் அமைச்சரும் தற்போதைய எம்எல்ஏவுமான" என்பதும் இதே கதை. ‘உம்’முக்குப் பிறகு ‘ஆன’ அல்லது ‘ஆகிய’ ஒட்டி நின்றால் குழு உருவாக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பொறுப்புகள் என்று எழுதுங்கள். இந்த ஒரு சோதனையைச் சேர்த்தாலே செய்திகளிலிருந்து ஆட்களை எண்ணும் நிரல் வெகுவாகத் திருந்தும்.

மூன்றாம் படி: மற்ற இணைப்புகள்

‘உம்’ தவிரப் பெயர்களைக் கோக்கும் சொற்கள் நிறைய. ஒவ்வொன்றும் வேறு வேறு தகவலைத் தருகிறது. அதனால் எல்லாவற்றையும் ‘இணைப்பு’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

‘மற்றும்’ பல பதிப்பாசிரியர்களுக்குப் பிடிக்காத சொல், கண்டால் அடித்துவிடுவார்கள். நிரல் எழுதுகிறவருக்கு அது நல்ல நண்பன். தனியாக நிற்கிறது, சந்தி இல்லை. ஒரே சிக்கல் வேற்றுமை உருபுதான். "குமார் மற்றும் செல்விக்கு" என்பதில் ‘கு’ கடைசிப் பெயரில் மட்டும் இருக்கிறது, ஆனால் இருவருக்கும் உரியது. உருபு இல்லாத ‘குமார்’ என்பதைப் பார்த்ததும் இதுதான் எழுவாய் என்று நிரல் முடிவு கட்டிவிடும். குமார் செல்விக்கு ஏதோ கொடுத்தான் என்று ஒரு பொய்க்கதை பிறந்துவிடும். ஆகவே உருபை உறுப்பினரிடம் வைக்காமல் குழுவிடம் வையுங்கள்.

‘உம்’ இல்லாமல் அடுக்கிய பெயர்களுக்குப் பிறகு ‘ஆகிய’, ‘ஆகியோர்’, ‘ஆகியவை’ என்று வந்தால் பட்டியல் முடிந்தது, வேறு யாரும் இல்லை. ‘முதலிய’, ‘முதலானோர்’, ‘போன்ற’ என்று வந்தால் பட்டியல் திறந்திருக்கிறது. "குமார், செல்வி, ரவி ஆகியோர் வந்தனர்" என்றால் எண்ணிக்கை 3. "குமார், செல்வி, ரவி முதலானோர் வந்தனர்" என்றால் குறைந்தது 3. அட்டவணையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பத்திரப் பேச்சில் வரும் ‘வகையறா’வும் திறந்த பட்டியல்தான்; ஒரே பெயரைச் சொல்லி, கூட இருக்கும் குடும்பத்தையே குறிக்கும்.

‘உட்பட’ தனியாகக் கவனிக்க வேண்டியது. "ஓட்டுநர் உட்பட 4 பேர் காயம்" என்றால் மொத்தம் 4. "ஓட்டுநரும் 4 பயணிகளும் காயம்" என்றால் 5. முதல் வாக்கியத்துக்கான குழுவில் எண்ணிக்கை 4, பெயர் தெரிந்த உறுப்பினர் ஒருவர், மீதி மூவர் பெயரில்லாமல் இருப்பார்கள். உறுப்பினர் பட்டியலின் நீளத்தையே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும் நிரல் இங்கே தோற்கும். இரண்டையும் தனித்தனியே சேமியுங்கள்.

‘ஓடு’, ‘உடன்’ விஷயம் வேறு. "குமார் செல்வியோடு வந்தான்" என்பதில் வினை ஒருமை. எழுவாய் குமார் மட்டும். வந்தவர்கள் இருவர் என்பது பொருளில் உண்மைதான், ஆனால் குழுவாக்காமல் செல்வியை ‘உடன் வந்தவர்’ என்று பதிவு செய்வதே என் பழக்கம். யாரைப் பற்றிய பேச்சு என்பதை வாக்கியமே சொல்லியிருக்கும்போது அதை நாம் அழிப்பானேன்?

இணைப்புச் சொல்லே இல்லாத உம்மைத்தொகையும் இருக்கிறது. தாய்தந்தை, இரவுபகல், ஆடுமாடு. இவற்றில் எதைப் பிரிப்பது, எதை விடுவது? ‘தாய்தந்தை’யைப் பிரிக்கலாம், இரண்டு ஆட்கள். ‘காய்கறி’யைக் காய், கறி என்று பிரித்தால் இறைச்சிக் கடையில்தான் நிற்க வேண்டும். ‘வீடுவாசல்’ என்பதில் வாசல் தனிச் சொத்து இல்லை. விதி எழுதிப் பயனில்லை. அகராதியில் ஒவ்வொன்றாகக் குறித்துவிடுவதே வழி.

நான்காம் படி: மரம் வரைவது

வாக்கியத்தில் எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று காட்டும் படத்தைச் சார்பு மரம் என்கிறோம். பல மொழிகளுக்கும் பொதுவாக இன்று புழங்கும் முறை யுனிவர்சல் டிபென்டன்சீஸ். தமிழுக்கு இதில் கிடைக்கும் தரவுகளில் ஒன்று, லோகநாதன் ராமசாமியும் ஸ்டெனெக் ஜாபோக்கர்ட்ஸ்கியும் பிராகா சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய செய்தி வாக்கியத் தொகுப்பு. அதில் இருப்பது 600 வாக்கியங்கள். வாக்கியத்துக்குத் தானாக மரம் வரையும் ஸ்டான்ஸா போன்ற கருவிகளின் தமிழ் மாதிரி இதில்தான் பயின்றிருக்கிறது. 600 வாக்கியத்தில் எத்தனை எண்ணும்மை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், கருவி தடுமாறும்போது கோபம் வராது.

இந்த முறையில் சேர்ந்து வரும் பெயர்களில் முதல் பெயர் தலையாகிறது, மற்றவை அதன் கீழே தொங்குகின்றன. "குமாரும் செல்வியும் வந்தார்கள்" என்றால் வினையோடு நேராக இணைவது குமார். செல்வி குமாருக்குக் கீழே. படம் வரைய இது வசதி, பொருள் எடுக்க ஆபத்து. மரத்தில் எழுவாய் யார் என்று கேட்டால் குமார் மட்டும் என்று பதில் வரும். பல நிரல்களில் செல்வி காணாமல் போவது இந்த இடத்தில்தான். பழைய பிராகா முறையில் இணைப்புச் சொல்லே தலை, பெயர்கள் இரண்டும் அதன் கீழே சமமாக நிற்கும். பொருளுக்கு அது பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் தரவும் கருவிகளும் முதல் முறையில் இருப்பதால் அதோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.

மரம் தீர்க்காத சிக்கலும் உண்டு. "வயதான ஆண்களும் பெண்களும்" என்றால் பெண்களும் வயதானவர்களா? "குமாரின் தம்பியும் தங்கையும்" என்பதில் தங்கை யாருக்குத் தங்கை? முதல் பெயர்தான் தலை என்பதால், அடைமொழி அதற்கு மட்டும் உரியதா குழுவுக்கே உரியதா என்று மரத்தின் கிளையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு வாசிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமென்றால் உறவுப்பெயர்களில் குழு முழுவதற்கும் என்று எடுப்பது பெரும்பாலும் சரியாக அமையும்.

ஐந்தாம் படி: குழுவுக்கு ஒரு கணு

இப்போதுதான் முக்கியமான வேலை. மரத்திலிருந்து பொருளுக்குப் போகும்போது குழுவுக்கென்று ஒரு புதிய கணு, அதாவது தனியே சுட்டக்கூடிய ஒரு பதிவு, உருவாக்குங்கள். நான் எழுதும் வடிவம் இது:

குழு கு1
உறுப்பினர்: குமார், செல்வி
எண்ணிக்கை: 2
பட்டியல்: முடிந்தது

நிகழ்வு நி1: அபராதம் விதித்தல்
யாருக்கு: கு1
தொகை: 10,000 ரூபாய்
பகிர்வு: சொல்லப்படவில்லை

கடைசி வரியைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுத ஒரு இடம் இருக்கிறது. "தலா 10,000 ரூபாய்" என்று செய்தியில் இருந்திருந்தால் பகிர்வு ‘தனித்தனி’. "மொத்தம் 10,000" என்றோ "இருவருக்கும் சேர்த்து" என்றோ இருந்தால் ‘கூட்டாக’. நிருபர் எதுவும் எழுதவில்லை என்றால் நம் நிரலும் ஊகிக்கக் கூடாது.

இதற்குப் பின்னால் பழைய கோட்பாடு ஒன்று இருக்கிறது. 1983-இல் ஜெர்மானியத் தர்க்கவியலாளர் கோடெஹார்ட் லிங்க், பன்மையைக் கூட்டலாகப் பார்க்கலாம் என்றார். குமார் ஒரு பொருள், செல்வி ஒரு பொருள், குமார்+செல்வி இன்னொரு பொருள். வாக்கியம் அந்த மூன்றாவது பொருளைப் பற்றிப் பேசலாம். நம் கு1 அதுதான்.

ஆனால் லிங்கின் கூட்டல் அடைப்புக்குறியை மதிக்காது. நான்கு பேரை எப்படிச் சேர்த்தாலும் நான்கு பேரின் கூட்டமே வரும். இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "குமாரும் செல்வியும், ரவியும் மாலாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள்." நான்கு பேரையும் ஒரே கூடையில் போட்டால் யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதே போய்விடும். இங்கே குழுவுக்குள் குழு வேண்டும்:

குழு கு3: உறுப்பினர் கு1, கு2
குழு கு1: குமார், செல்வி
குழு கு2: ரவி, மாலா

இந்தத் தேவையைப் பின்னர் மொழியியலாளர் ஃப்ரெட் லாண்ட்மன் விரிவாக ஆராய்ந்தார்: கூட்டலைத் தாண்டி, குழுவையே ஒரு தனி ஆள் போல நடத்த வேண்டிய இடங்கள் உண்டு. ஓர் ஊரில் கோயில் திருப்பணிக் குழுவிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அதே பத்துப் பேர் இருக்கலாம். திருப்பணிக் குழுவைக் கலைத்தால் பள்ளிக் குழு கலையாது. அந்தப் பத்துப் பேரும் கலைய மாட்டார்கள் என்பதையும் நிரலுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே உறுப்பினர் பட்டியலைக் குழுவின் அடையாளமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். பைதானில் உறுப்பினர் கணத்தையே அகராதித் (dict) திறவுகோலாகப் பயன்படுத்தினால் இந்த இரண்டு குழுக்களும் ஒன்றாகிவிடும்.

ஆறாம் படி: பகிர்வை வினையிடம் வைப்பது

பகிர்வை ஏன் குழுவில் எழுதாமல் நிகழ்வில் எழுதினோம்? "குமாரும் செல்வியும் கடையில் சந்தித்து ஆளுக்கொரு காபி குடித்தார்கள்." குழு ஒன்று. சந்தித்தது கூட்டாக, குடித்தது தனித்தனியாக. குழுவிலேயே ‘தனித்தனி’ என்று எழுதியிருந்தால் குமார் தனியாகச் சந்தித்தான் என்று வரும். யாரை?

வினைகளை மூன்று பட்டியலாகப் பிரியுங்கள். தூங்கு, சிரி, இற போன்றவை எப்போதும் தனித்தனி. யாரும் கூட்டாகத் தூங்க முடியாது, பக்கத்தில் படுக்கலாம். கூடு, சந்தி, பிரி, மோது போன்றவை உறுப்பினர்களுக்கு இடையே நடப்பவை. தூக்கு, எழுது, வாங்கு, கட்டு எல்லாம் இரண்டு விதமாகவும் வரும். மூன்றாம் பட்டியலுக்குத்தான் துணைச் சொல் தேவை: தலா, ஆளுக்கு, ஒவ்வொருவரும் வந்தால் தனித்தனி; சேர்ந்து, கூட்டாக, மொத்தம் வந்தால் கூட்டு. ‘முறையே’ வந்தால் வரிசைப்படி ஜோடி சேர்க்க வேண்டும்: "குமாரும் செல்வியும் முறையே 80, 75 மதிப்பெண் பெற்றனர்." இதற்காகவே உறுப்பினர் பட்டியலின் வரிசை மாறாமல் இருக்க வேண்டும்.

‘கொள்’ துணைவினை ஒரு குறிப்பு தரும். "அடித்துக்கொண்டார்கள்" என்றால் ஒருவரையொருவர். ஆனால் "அடித்துக்கொண்டிருந்தார்கள்" என்றால் தொடர்ந்து நடந்த செயலாகவும் இருக்கலாம். அடி வாங்கியவர் மூன்றாம் ஆளாக இருக்கலாம். ‘இரு’ ஒட்டியிருந்தால் அவசரப்படாதீர்கள்.

ஏழாம் படி: விகுதியைச் சரிபார்ப்பது

வினைமுற்று பன்மையாக இருக்கிறது, ஆகவே எழுவாய் குழு என்று முடிவு செய்யலாமா? தமிழில் கூடாது. "முதலமைச்சர் அவர்கள் வந்தார்கள்" என்பதில் வந்தவர் ஒருவர், மரியாதை பன்மை. மறுபக்கம், "ஆடும் மாடும் மேய்ந்தது" என்று பேச்சில் சாதாரணமாக வரும். இரண்டு விலங்கு, ஒருமை வினை.

விகுதியைச் சான்றாக எடுப்பதைவிட, குழுவிலிருந்து விகுதியைக் கணக்கிட்டு ஒப்பிடுவது நல்லது. தன்மை இருந்தால் தன்மை வெல்லும்: நானும் நீயும் போவோம். தன்மை இல்லாமல் முன்னிலை இருந்தால் முன்னிலை: நீயும் அவனும் போவீர்கள். நானும் நீயும் சேர்ந்தால் ‘நாம்’, நானும் அவனும் சேர்ந்தால் ‘நாங்கள்’. வினை இரண்டுக்கும் ‘ஓம்’தான். அதனால் ‘கேட்பவர் உள்ளே’ என்று ஒரு குறிப்பைக் குழுவில் வைத்துவிட்டால், அடுத்த வாக்கியத்தில் ‘நாங்கள்’ வரும்போது யாரைச் சுட்டுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

உயர்திணையும் அஃறிணையும் கலந்தால்? சிறப்பு, மிகுதி, இழிவு இவற்றில் ஒன்றைக்கொண்டு ஒரே முடிபு ஏற்கும் என்று நன்னூல் மூன்று கதவையும் திறந்துவைத்திருக்கிறது. "அவனும் அவன் நாயும் வந்தார்கள்" என்று எழுதுகிறவர்களும் உண்டு, வாக்கியத்தையே மாற்றி "நாயோடு வந்தான்" என்று தப்பிக்கிறவர்களும் உண்டு. இந்த வகையில் ஒப்பீடு பொருந்தாவிட்டால் பிழை என்று ஒதுக்காமல் கடந்துபோங்கள்.

எட்டாம் படி: சோதனைக் கேள்விகள்

1996-இல் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்று ஃப்ராகாஸ் என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. ஒரு செய்தி, ஒரு கேள்வி, அதற்கு ஆம், இல்லை, தெரியாது என்ற பதில். இந்த மாதிரியில் 346 கணக்குகள், அதில் பன்மைக்கென்றே ஒரு பிரிவு. ஆங்கில வாக்கியங்களைப் பெயர்த்துப் பயனில்லை, தமிழின் சிக்கல் வேறு. அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். சில மாதிரிகள்:

"குமாரும் செல்வியும் தூங்கினார்கள்." செல்வி தூங்கினாளா? ஆம்.

"குமாரும் செல்வியும் பெட்டியைத் தூக்கினார்கள்." குமார் தனியாகத் தூக்கினானா? தெரியாது.

"குமாரும் செல்வியும் வரவில்லை." செல்வி வந்தாளா? இல்லை. எதிர்மறையிலும் ‘உம்’ இருவரையும் சேர்த்தே மறுக்கிறது.

"நடிகரும் தயாரிப்பாளருமான ரவி பேசினார்." இருவர் பேசினார்களா? இல்லை.

"செல்வி உட்பட 5 பேர் தேர்ச்சி பெற்றனர்." ஆறு பேர் தேர்ச்சியா? இல்லை.

பெரிய மொழி மாதிரிகளிடம் கொடுத்துப் பார்க்கவும் இதே கேள்விகள் உதவும். எத்தனை சரி என்று மட்டும் எண்ணாதீர்கள். ‘தெரியாது’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஆம்’ என்று சொல்லும் பிழைகளைத் தனியே எண்ணுங்கள். அட்டவணையில் இல்லாத எண்ணை நுழைப்பவை அவைதான்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு ‘குமாரோ செல்வியோ’, ‘குமார் அல்லது செல்வி’ என்பவற்றை எடுங்கள். அவற்றுக்குக் குழுக் கணு பொருந்தாது, ‘தேர்வு’ என்று வேறு வகைக் கணு வேண்டும். ஏழாம் படியின் விகுதிக் கணக்கையும் அதற்குத் தனியாக எழுத வேண்டியிருக்கும்: "குமாரோ செல்வியோ வருவார்" என்று பொதுவாக முடிக்கிறோமே தவிர, வருவானா வருவாளா என்று வினை சொல்வதில்லை.